சனி நின்ற இடம்

ராஜபாளையத்தில் அறிவியல் கண்காட்சி முடிந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் மடி நிறைய அட்டையோடு உட்கார்ந்திருந்தேன். ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து கன வடிவங்கள், நடுவில் சூரியன். பூமியோடு சேர்த்து அன்று தெரிந்திருந்த ஆறு கிரகங்களும் இந்த வடிவங்களுக்கு உள்ளும் இடையிலும் வெளியிலுமாகத்தான் சுற்றுகின்றன என்று அந்தக் காலத்து வானியலாளர் ஒருவர் நம்பினார். மாணவிகளோடு ஒரு வாரம் உட்கார்ந்து ஒட்டியது. நடுவர்கள் நின்றுகூடப் பார்க்கவில்லை. பரிசு, வழக்கம்போல, சோடா உப்பில் பொங்கும் எரிமலைக்கு.

மில் வேலை முடிந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "என்ன டீச்சர் இது?" என்றார்.

வாய் திறக்கவே அலுப்பாக இருந்தது. "கிரகமெல்லாம் எங்கெங்க இருக்குன்னு காட்டுறது."

அவர் நிமிர்ந்தார். "எனக்கு ஏழரை நடக்கு. சனி இதுல எங்க இருக்காரு?"

வெளிப்புறக் கனசதுரத்தைத் தொட்டேன். "இந்தப் பெட்டிக்கும் வெளிய. எல்லாத்துக்கும் கடைசி."

"அம்புட்டுத் தூரமா!" என்று பெருமூச்சு விட்டார். கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார்.

இந்த வடிவக் கணக்கே தப்பென்று உலகத்துக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. அதைச் சொல்ல அவரை எழுப்பும் தெம்பு எனக்கில்லை.