சங்குக்கு அடங்காத தவளைகள்

“யாரோ வாராங்கம்மா” என்றாள் மகள். போன ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், எங்கள் வீட்டு ஹாலில். காதில் ஹெட்போன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தது கண்மாயை. ராஜபாளையத்தில் எங்கள் தெருமுனையைத் தாண்டினால் கண்மாய்க்கரைதான். எட்டாவது படிக்கும் மதுமிதா யாரும் சொல்லாமல் தானாகவே ஓர் ஆராய்ச்சியில் இறங்கியிருக்கிறாள். சாயங்காலம் மில் சங்கு ஊதும்போது தவளைகள் கத்துவதை நிறுத்துமா, நிறுத்தாதா? மழை விட்டதிலிருந்து தினமும் கரையோரம் அசையாமல் உட்கார்ந்து, என் பழைய செல்போனில் பதிவு செய்கிறாள்.

சங்குக்குத் தவளைகள் அசரவே இல்லையாம். ஆனால் சங்கு ஓய்ந்து கொஞ்ச நேரத்தில், திடீரென்று எல்லாம் ஒரேயடியாக வாயை மூடிக்கொள்கின்றன. தினமும்.

“அப்போ யாரோ எனக்குப் பின்னால வந்து நிக்காங்கம்மா. அவிய போன பொறவுதான் திரும்பக் கத்துது.”

“நீ திரும்பிப் பாக்கலையாட்டி?”

“அசைஞ்சா பதிவு கெட்டுரும்லா.”

ஹெட்போனை வாங்கி மாட்டினேன். சங்கு... தவளைகள்... பிறகு, யாரோ கழுத்தைப் பிடித்ததுபோல் ஒரு நிசப்தம். சட்டென்று ஹெட்போனைக் கழற்றினேன்.

அப்புறம்தான் உறைத்தது. அது நான்!

‘தனியாப் போயிட்டு வா, அம்மா வர மாட்டேன்’ என்று பெருமையாக அனுப்பிவிட்டு, தினமும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையேறி எட்டிப் பார்த்துவிட்டு வருகிறவள் நான்தான். பிள்ளையைச் செத்த நேரம் விடேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னதும் காதில் ஏறவில்லை. நான் வேறென்ன செய்ய? பெற்றவள் ஆயிற்றே!

அசடு வழியச் சொன்னேன். மகள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே...

“எம்புட்டுப் பெரிய சங்கு! அதுக்கே பயப்படாத தவள, உனக்குல்லாம்மா பயந்திருக்கு!”

யோசித்தால் சரிதான். வீட்டில் நான் போடும் கூச்சலை இவள் சட்டை செய்வதே இல்லை. சத்தமில்லாமல் கதவோரம் வந்து நிற்பேன் பாருங்கள், அப்போதுதான் இவளும் தோழியும் பேச்சை நிறுத்துகிறார்கள். பிள்ளைகளை அடக்குவது நம் குரல் அல்ல போலிருக்கிறது... நம் காலடி.

இப்படி ஒரு தத்துவம் கிடைத்த திருப்தியில் காபி போட எழுந்தேன்.

“அப்போ வியாழக்கிழமையும் நீதானா?” என்றாள் மதுமிதா.

நான் நின்றுவிட்டேன். வியாழக்கிழமை நாத்தனார் வளைகாப்புக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. இவர் மில்லில் ஷிப்டு.

அவளே அந்தப் பதிவை ஓடவிட்டாள். சங்கு. தவளைகள். பிறகு நிசப்தம் — மற்ற நாட்களைவிட நீளமாக.

அவள் சிரிக்கவில்லை. நானும்தான்.

நிறுத்திவிடு என்று சொல்ல வாய் வரை வந்தது. பாதி ஆராய்ச்சியில் அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? ‘இனி நானும் கூட வாரேன்’ என்றேன். திருட்டுத்தனமாக அல்ல, பக்கத்திலேயே உட்கார. அசையக்கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தாள்.

நேற்றும் போனோம். சங்கு ஊதியது. தவளைகள் பாட்டுக்குக் கத்தின. அப்புறம் எல்லாம் ஒரே நொடியில் அடங்கின. மதுமிதா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு பேருமே திரும்பிப் பார்க்கவில்லை. பதிவு கெட்டுவிடும் பாருங்கள்!