பால்மாட்டு மாநிலத்துத் தேர்தலும் அப்பாவின் துண்டும்

அந்த வருடம் எங்கள் பக்கத்தில் யாரும் நம்மூர் அரசியலைப் பற்றி வாய் திறப்பதில்லை. நெருக்கடி நிலை. ஜனவரியில் சென்னையில் ஆட்சியைக் கலைத்திருந்தார்கள். உப்பளத்துச் சாலை டீக்கடையில் ‘அரசியல் பேசாதீர்’ என்று கரியால் எழுதியிருந்தது. ஆனால் தேர்தல் பேசாமல் எங்கள் ஆண்களுக்கு டீ இறங்காது. அதனால் அமெரிக்காவைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே யார் ஜெயித்தால் எந்தப் போலீஸ்காரன் கேட்கப் போகிறான்?

நான் துறைமுகத்துக்கு அருகில், கப்பல் சரக்குக்குச் சுங்கக் கடுதாசி பார்க்கும் ஒரு கிளியரிங் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான்தான். அப்பாவும் பெரியப்பாவும் உப்பளத்தில் வேலை செய்தார்கள். கப்பல்காரர்கள் விட்டுப்போகும் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளை நான் ஒரு வரி விடாமல் படிப்பேன். எனவே அமெரிக்கா என்றால் அப்பா என்னைத்தான் கேட்பார். கேட்பதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். என் தங்கைக்கு அப்போது எட்டாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் படிப்பு வேண்டாம், அளத்தில் உப்புச் சுமக்க ஆள் கேட்கிறார்கள், அனுப்பிவிடு என்று சொல்ல வந்திருந்தார். அப்பா அண்ணன் பேச்சைத் தட்டியதே இல்லை. பேச்சை மாற்றுவதற்காக என்னைக் கூப்பிட்டார்.

“ஏளா, அந்தப் பால்மாட்டு மாநிலத்துல எவன் ஜெயிப்பான்?”

வடக்கே பால்மாடு அதிகமுள்ள ஒரு மாநிலத்தில் அடுத்த வாரம் ஓட்டுப்பதிவு. எதிர்க்கட்சியின் அதிபர் வேட்பாளராக நிற்க ஆசைப்பட்டவர்களில் இருவர் அங்கே முன்னணியில் இருந்தார்கள். ஒருவர் தெற்குக்காரர். மற்றவரை அவர் உயரத்துக்காக டீக்கடையில் நெட்டையன் என்றே அழைத்தார்கள்.

“ஒரே கட்சிக்காரன் ஒருத்தன ஒருத்தன் எதுத்து நிக்கானா?” என்றார் பெரியப்பா.

“ஆமா பெரியப்பா. கட்சிக்கு யார் வேட்பாளர்னு ஒவ்வொரு மாநிலத்துலயும் சனங்கதான் ஓட்டுப் போட்டுச் சொல்லணும்.”

“தலைவர் கைகாட்ட மாட்டாராக்கும்?”

“மாட்டாரு.”

“அதென்னளா கட்சி, களவாணிச் சந்த மாதிரி!” என்று சிரித்தார். “நெட்டையன்தான் ஜெயிப்பான். மேடையில நின்னா கடேசி ஆளுக்கும் மொகம் தெரியும்லா.”

எனக்குச் சுருக்கென்றது. “தெற்குக்காரர்தான் ஜெயிப்பாரு. ஆனா கொஞ்ச ஓட்டுலதான். டவுன் ஓட்டு முதல்ல எண்ணி வந்துரும், அதுல நெட்டைக்காரர் முந்துவாரு. மாடு வளக்குற கிராமத்து ஓட்டு பின்னாலதான் வரும். முதல்ல வார சேதிய நம்பக்கூடாது” என்றேன்.

அப்பாவுக்கு முகமெல்லாம் பெருமை. “எம் மக சொன்னா சொன்னதுதான்.”

“அப்பிடியா? பந்தயம் வச்சுக்கிடுவமா? ஒம் மக சொன்ன ஆளு ஜெயிச்சா சின்னவ படிக்கட்டும், நான் குறுக்க வரல. தோத்தா அளத்துக்கு வரட்டும்.”

அப்பா “சரிண்ணே” என்றுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதவோரம் நின்ற தங்கையிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு இன்றுவரை சரியான பெயர் கிடைக்கவில்லை. கடல் தாண்டி, எங்கள் ஊர் இருப்பதையே அறியாத மாட்டுக்காரர்கள் போடப்போகும் ஓட்டில் என் தங்கையின் ஒன்பதாம் வகுப்பு தொங்கியது.

ஓட்டு எண்ணும் நாள் வந்தது. மத்தியானம் ஆபீஸ் ரேடியோவில் வெளிநாட்டுச் செய்தி ஓடியது. நெட்டைக்காரர் வென்றதாகத் தெரிகிறது என்றார்கள். ‘தெரிகிறது’ என்றுதான் சொன்னார்கள். தலைமைக் குமாஸ்தா அண்ணாச்சி சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கு எழுந்தார்.

“அண்ணாச்சி, இன்னும் எண்ணி முடியல. அளத்துப் பக்கம் போனா எங்கப்பாகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க.”

“ரேடியோக்காரன விட ஒனக்குத் தெரியுமாக்கும்?” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மாலையில் வீட்டுக்குப் போனால் அப்பா வெறும் தோளோடு உட்கார்ந்திருந்தார்.

எங்கள் அளத்து ஆண்களிடம் ஒரு வழக்கம். பந்தயத்தில் தோற்றவன் தன் துண்டை எடுத்து ஜெயித்தவன் தோளில் போட வேண்டும். போட்டுவிட்டால் முடிந்தது. அதற்குமேல் சாட்சி கிடையாது, மேல்விசாரணை கிடையாது. துண்டைத் திரும்பக் கேட்பவனோடு பிறகு யாரும் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

“முதல் சேதிய நம்பாதீங்கன்னு சொன்னேனாப்பா, இல்லையா?”

“ரேடியோவுலயே சொல்லிட்டானாம்லா” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் காலை அண்ணாச்சி மேசைக்கு வரும்போதே சொன்னார்: “ஏம்மா, நீ சொன்ன ஆளுதான் ஜெயிச்சானாம். கிராமத்து ஓட்டு கடேசியில வந்து தூக்கிவிட்டுருச்சாம். ராத்திரி ரேடியோவுல சொன்னான்.” கப்பல் ஒரு நாள் தாமதம் என்று சொல்வது போலச் சொல்லிவிட்டுக் கோப்பைப் பிரித்தார்.

மத்தியானம் வெயிலில் டீக்கடைக்கு நடந்தேன். அப்பாவும் பெரியப்பாவும் இருந்தார்கள். பெரியப்பா தோளில் இரண்டு துண்டு. பெண்பிள்ளை கடைக்கு முன்னால் வந்து நின்றதே அவர்களுக்கு வேடிக்கை.

“தெற்குக்காரர்தான் ஜெயிச்சிருக்காரு. நேத்து வந்தது தப்புச் சேதி” என்றேன்.

“நேத்து ஒரு ரேடியோ, இன்னைக்கு ஒரு ரேடியோ” என்றார் பெரியப்பா. “நாளைக்கு எவன் ஜெயிப்பான்? அதையும் சொல்லிட்டுப் போ.”

கடை சிரித்தது.

“துண்டு ஏந் தோள்ல கெடக்கு, ஏளா. ஓட்டு எங்கன கெடந்தா எனக்கென்ன?”

நான் அப்பாவைப் பார்த்தேன். “நீங்க சொல்லுங்கப்பா.”

“போட்டது போட்டதுதாம்மா. கேக்கக்கூடாது” என்றார் அப்பா. அவர் குரலில் வருத்தம் இருந்தது, சந்தேகம் துளியும் இல்லை. அதுதான் என்னை அதிகம் எரித்தது. நான் சொன்னபடியே நடந்திருந்தது, டவுன் ஓட்டு, கிராமத்து ஓட்டு என்று ஒவ்வொன்றாக. அதை ஏற்றுக்கொள்ள அந்தக் கடையில் ஓர் ஆள்கூட இல்லை.

மே மாதம் முழுக்கத் தங்கை அளத்துக்குப் போனாள். உப்பு பட்டுக் கால்விரல் இடுக்கெல்லாம் வெடித்தது. இரவில் அம்மா தேங்காயெண்ணெய் தடவும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பாள். என்னிடம் ஒரே ஒரு முறை கேட்டாள்: “யக்கா, அவரு நெசமாவே ஜெயிச்சாராக்கா?”

“நெசமா.”

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று அவளுக்குத் தலை பின்னிவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அப்பா வாசலில் நின்றார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு டீக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

“ஏளா, எங்கன போறிய?” பெரியப்பா எழுந்தே விட்டார். தோளில் கிடந்த அப்பாவின் துண்டைத் தட்டிக் காட்டினார். “இது இங்கன இருக்கு, மறந்துட்டியா?”

“நீங்களே வச்சுக்கிடுங்க பெரியப்பா. பந்தயம் வச்சது அப்பா, துண்டு போட்டதும் அப்பா. இவ எதையும் போடல.”

யாரும் சிரிக்கவில்லை. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

அதன் பிறகு பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வருடக் கடைசியில் அந்தத் தெற்குக்காரர் அதிபராகவே ஜெயித்தார். டீக்கடையில் அப்போதும், பால்மாட்டு மாநிலத்தில் மட்டும் நெட்டையன்தான் ஜெயித்தான் என்றே பேசிக்கொண்டார்களாம். அடுத்த சம்பளத்தில் அப்பாவுக்குப் புதுத் துண்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். “ஏந் துண்டு அண்ணங்கிட்டல்லா கெடக்கு” என்று வாங்கி, மடிப்புக் கலையாமல் கொடியில் போட்டார். மறுநாள் வெறும் தோளோடுதான் அளத்துக்குப் போனார்.