நாலு பாத்தி சிறுகீரை

கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளியில் திரௌபதிக்குச் சமையல் வேலை. வயது என்னவோ நாற்பத்திரண்டுதான். ஆனால் சத்துணவுக் கூடத்தில் கரண்டி பிடித்த நாளிலிருந்து பிள்ளைகளுக்கு அவள் ஆயாம்மா.

பதினோரு வருடமாக அவளுக்கு ஒரே ஒரு மனக்குறை. கீரை! பூண்டு தட்டிப் போட்டாலும் சரி, தேங்காய் தூவினாலும் சரி, அந்தப் பொல்லாத பிள்ளைகள் அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு எழுந்துபோய்விடுவார்கள். தட்டுக் கழுவும் தொட்டியில் பச்சைப்பசேலென்று மிதப்பதை அள்ளிக் கொட்டும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். "வெஷத்தையா வெச்சேன்? கீரையத்தானே வெச்சேன்!" என்று பாத்திரங்களிடம் சண்டை போடுவாள்.

ஒரு நாள் ஐந்தாம் வகுப்பு மதிவதனி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஆயாம்மா, அரிசி கழுவுன தண்ணிய இனிமே கீழ ஊத்தாதீங்க. எங்களுக்கு வேணும்."

"எதுக்குடி?"

"தோட்டம் போடப் போறோம்!"

வேலியோரத்தில் காலி இடம் ஒன்று கிடந்தது. அங்கே வண்டி நிறுத்த சிமெண்ட் தளம் போடுவதாக ஏற்பாடு. பிள்ளைகள் விடாமல் நச்சரித்ததில் தலைமையாசிரியை தமிழ்செல்வி ஒரு மாதம் தவணை கொடுத்திருந்தார். "ஒரு மாசத்துல அங்கருந்து ஏதாச்சும் உங்க தட்டுக்கு வரணும். நீங்க அதைச் சாப்பிடவும் செய்யணும். இல்லன்னா சிமெண்ட்தான்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

திரௌபதிக்குச் சிரிப்புதான் வந்தது. சட்டையை அழுக்காக்கிக்கொண்டு போய் அம்மாவிடம் உதை வாங்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். நாலு பாத்தி கட்டி, சிறுகீரை விதையைத் தூவி, அவள் கொடுத்த தண்ணீரைத் தெளித்தார்கள். நாலாம் நாள் காலையில் ஒரே கூச்சல். பாம்போ என்று பதறிக் கரண்டியோடு ஓடினாள்.

"மொளச்சிடுச்சி ஆயாம்மா! மொளச்சிடுச்சி!" மதிவதனியின் வகுப்புச் செழியன் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குனிந்து பார்த்தாள். மண்ணெல்லாம் பொடிப்பொடியாகப் பச்சை. அவ்வளவுதான், அவளும் மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அரிசியை ஒரு தடவை ஜாஸ்தியாகவே கழுவினாள்.

யாரும் மிதித்துவிடக் கூடாதென்று, செழியன் எங்கிருந்தோ ஒரு வழவழப்பான கருங்கல்லை உருட்டி வந்து பாத்தி மூலையில் நட்டான். எறும்பு வருகிறதென்று மதிவதனி அதைச் சுற்றி மஞ்சள்தூள் கொட்டினாள், கல்மேலும் கொட்டினாள். ஆடு மிரளட்டும் என்று திரௌபதியே தன் பழைய சிவப்புப் புடவையைக் கிழித்து அதில் கட்டினாள். கல், மஞ்சள், சிவப்புத் துணி. கிரிவலப் பாதையில் இவை மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒருவருக்காவது புத்தியில் பட வேண்டாமோ? படவில்லையே!

திங்கட்கிழமை அறுவடை என்று நாள் குறித்தாயிற்று. சனிக்கிழமை பௌர்ணமி.

அன்று பள்ளி லீவுதான் என்றாலும் சாயங்காலம் நாலு மணிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவள் வேலியோரம் அப்படியே நின்றுவிட்டாள். கம்பி வேலியை விலக்கிக்கொண்டு ஐம்பது அறுபது பேர் உள்ளே. கல்லுக்குப் பூ, விபூதி, கற்பூரம். கீரையெல்லாம் காலடியில்!

"ஐயோ, மிதிக்காதீங்க! இது சாமி இல்லீங்க, பாத்திக்கு அடையாளக் கல்லு!"

யார் காதில் விழுகிறது? "இது எந்த லிங்கம்மா?" என்று ஒருவர் அவளையே கேட்டார். பின்னாலிருந்து இன்னும் இருபது பேர் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். சத்தம் கேட்டு மதிவதனியும் செழியனும் ஓடி வந்தார்கள். மதிவதனி அழுது திரௌபதி பார்த்ததே இல்லை. இப்போது அவள் கண்ணில் நீர் முட்டியது.

கல்தான் என்று திரௌபதிக்குத் தெரியும். ஆனாலும் கற்பூரம் காட்டிவிட்டார்களே! தொடலாமா? மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். "அண்ணாமலையாரே, புள்ளைங்க சமாச்சாரம், கோச்சிக்காதே" என்று முணுமுணுத்துவிட்டு, கல்லைப் பிடுங்கி மார்போடு தூக்கிக்கொண்டு கத்தினாள்.

"நவுருங்க, நவுருங்க! சாமி வெளிய வருது!"

"அரோகரா!" என்று கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. செழியன் முன்னால் ஓடி வழி விலக்கினான். பாதைக்கு எதிர்ப்பக்க வேப்பமரத்தடியில் கல்லை இறக்கினாள். கூட்டம் மொத்தமும் பின்னாலேயே போய்விட்டது. மதிவதனி பள்ளி வராந்தாவில் கிடந்த பெஞ்சை இழுத்து வந்து வேலியின் ஓட்டையை அடைத்தாள்.

மூன்று பாத்தி கூழாகிவிட்டது. நாலாவதில் பாதி தப்பியது.

திங்கட்கிழமை அந்தப் பாதியைப் பறித்தார்கள். முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு ஸ்பூன்தான் வரும். சாம்பாரில் போட்டு மறைத்திருக்கலாம். திரௌபதி மறைக்கவில்லை. பொரியலாகவே செய்து, தட்டில் தனியாக வைத்தாள். தமிழ்செல்வி டீச்சர் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். திரௌபதியால் பார்க்க முடியவில்லை. தொட்டியருகே போய் உட்கார்ந்துகொண்டாள்.

தட்டுகள் வந்தன. ஒவ்வொன்றாகக் கழுவினாள். தண்ணீரைத் துழாவிப் பார்த்தாள். ஒரு இலை இல்லை. பதினோரு வருடத்தில் முதல் தடவை!

டீச்சர் போனில் பேசுவது கேட்டது. "சிமெண்ட் வேணாங்க. ஆமா, வேணாம்."

மதிவதனி விரலை நக்கிக்கொண்டே வந்தாள். "ஆயாம்மா, நாளைக்கும் கீரையா?"

"ஏது? இருந்த அரை பாத்தியும் உங்க வயித்துக்குள்ள போயிடிச்சே!"

"அப்போ இன்னிக்கே வெதைக்கணும்!" என்று அவள் விதைப் பொட்டலத்தை எடுக்க ஓடினாள்.

அவள் திரும்பி வருவதற்குள், அரிசி கழுவிய தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரௌபதி வேலியோரம் போய் நின்றிருந்தாள்.