ஜசிந்தாவுக்குப் பின்னிய மப்ளர்

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து, உடுப்புக்கூட மாற்றாமல் கதிரையில் இருந்து போனைத் திறந்தேன். கனடாவிலிருந்து ஜசிந்தா ஒரு படம் போட்டிருந்தாள். அவளுடைய மகள் பனிக்குள் நிற்கிறாள். ஏழெட்டு வயதிருக்கும், மூக்கெல்லாம் சிவந்து போயிருக்கிறது. பிள்ளை வடிவுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்தது பிள்ளையை இல்லை. அதன் கழுத்தில் கிடந்த மப்ளரை. குங்குமச் சிவப்பில் ஒரு பட்டை, சாம்பலில் ஒரு பட்டை, இரண்டுக்கும் நடுவில் நூலிழை போல ஒரு மஞ்சள் வரி. சிவப்புப் பட்டையில் முத்து முத்தாகப் புடைத்து நிற்கிற பின்னல். விரலால் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, அது கவிதா பின்னியது.

அதெப்படி என்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன். ஏனென்றால் கவிதாவின் மப்ளரை என் கையாலேயே ஒரு வரி விடாமல் அவிழ்த்தவள் நான். பின்னினவளைவிட அவிழ்த்தவளுக்குத்தான் ஒரு பின்னல் நன்றாக ஞாபகம் இருக்கும்.

சொல்கிறேன். பன்னிரண்டு பதின்மூன்று வருடங்களுக்கு முந்திய கதை. அப்போது மன்னாரில், எங்கள் வங்காலையில் கோயிலடியில் எங்களுக்கு ஒரு தையல் நிலையம் இருந்தது. ஒரு சிஸ்டர் நடத்தினா. மேசை விரிப்பு, கதிரை உறை, ஞானஸ்நானச் சட்டைக்கு லேஸ் என்று கொக்கி ஊசியால் பின்னிப் பின்னி விற்போம். நானும் ஜசிந்தாவும் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். முதல் நன்மை எடுத்த நாளிலிருந்தே நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவளும் பள்ளிக்கூடம் போகமாட்டாள். அவளுக்கு நான், எனக்கு அவள், அவ்வளவுதான் என் கணக்கு.

அதுக்குள்தான் கவிதா வந்தாள். நறுவிலிக்குளத்துப் பிள்ளை, வயல்காரர் வீடு, எங்களைவிட மூன்று வயது இளையவள். சைக்கிளில் வருவாள், வந்ததும் முகம் கழுவுவாள், ஒரு மூலையில் இருப்பாள். வாயில்லாத பிள்ளை என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு கிழமைதான். பிறகு ஜசிந்தா தன் கதிரையை இழுத்துக்கொண்டு அவள் பக்கம் போய்விட்டாள். "கவிதா பின்னுறதைப் பாக்க ஆசையா இருக்கடி" என்றாள். பத்து வருடமாக எங்கள் வீட்டு மீன்பொரியலைத் தின்றவள், மத்தியானத்தில் கவிதாவின் மோர்மிளகாய்க்குக் கை நீட்டினாள். நான் என் சோற்றைத் தனியே பிசைந்தேன். ஒரு மோர்மிளகாய்க்கு வயிறு எரியுமா என்று கேட்காதீர்கள், எனக்கு எரிந்தது.

அந்த மாசியில் ஜசிந்தாவுக்குக் கனடாப் பயணம் சரிவந்தது. பேசின மாப்பிள்ளையின் தமக்கை ஒரு பை நிறையக் கம்பளி நூல் அனுப்பியிருந்தா, கூடவே ஒரு படமும். தலை வழியாகப் போட்டால் கழுத்தைச் சுற்றி வளையமாக நிற்கிற மப்ளர். பட்டை பட்டையாக நிறம், தடவினால் கையில் தட்டுப்படுகிற பின்னல். ஜசிந்தா பையை மேசையில் கவிழ்த்து, "எனக்கு அங்க குளிருமாம். பின்னித் தாங்கோவன். ஆரின்ர வடிவோ அதைத்தான் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவன்" என்று சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. போகப் போகிறவளுடைய கழுத்தில் கடைசியாக யாருடையது கிடக்கிறதோ அவள்தான் ஜசிந்தாவின் ஆள் என்று எனக்குப் பட்டது. விசர்தான். ஆனால் அந்த வயதில் விசர் என்று தெரியாது.

மன்னார் வெயிலில் கம்பளி பின்னிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளங்கை வேர்த்து நூல் பிசுபிசுக்கும். கைக்குக் குழந்தைப் பவுடர் பூசிக்கொண்டு பின்னுவோம். இன்றைக்கும் எந்த வீட்டிலாவது பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டால், கூடவே யன்னலால் வந்த கருவாட்டு வாசமும் சேர்ந்தே எனக்கு மணக்கும்.

என்னுடைய மப்ளர் நீலமும் வெள்ளையும். ஒரு கிழமையில் முடித்து, எல்லாருக்கும் முன்னால் ஜசிந்தாவின் தலையில் போட்டேன். மூக்குவரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. இழுத்தால் காது வலிக்கிறது என்று கத்துகிறாள். சிஸ்டர் எடுத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதுக்குள்ள ஊசி முனையும் போகாது. நீ மீனே பிடிக்கப் போறாய்?" என்றா.

என்னில் பிழையில்லை, வளர்ந்த விதம் அப்படி. அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து சின்ன வயதிலேயே கிழிந்த வலை பொத்தினவள் நான். ஒவ்வொரு முடிச்சையும் பல்லைக் கடித்து இறுக்கவேண்டும், ஒன்று இளகினால் மீன் போய்விடும், அப்பாவின் ஏச்சு வரும். அந்தக் கை கம்பளியைக் கண்டாலும் இறுக்கத்தான் செய்தது. கவிதாவின் கைக்கு அந்தப் பழக்கம் இல்லை. நூலை விரலுக்கு மேலால் சும்மா ஓடவிடுவாள், பின்னல் கண்கள் எல்லாம் ஒரே அளவில் வந்து விழும். "எப்பிடியடி?" என்று கேட்டால், "தெரியேல்லை அக்கா, தானா வருது" என்பாள். தானாக வருகிறதாம். அந்தச் சொல்லுக்காகவே அவளை நான் மன்னிக்கவில்லை.

பயணத்துக்கு நாலு நாள் இருந்தது. மத்தியான மணி அடித்து எல்லாரும் சாப்பிடப் போனார்கள். எனக்குத் தலையிடி என்று சொல்லி நின்றேன். அலுமாரியைத் திறந்தேன். கவிதாவின் பை மேல்தட்டில் இருந்தது. உள்ளே சிவப்பும் சாம்பலுமாக மப்ளர், இன்னும் இரண்டு வரிதான் மிச்சம். சும்மா பார்க்கத்தான் எடுத்தேன், மாதா சத்தியமாக. கையில் எடுத்துத் தடவியதும்தான் தெரிந்தது, நான் இன்னும் பத்துத்தரம் அவிழ்த்துப் பின்னினாலும் இது எனக்கு வராது என்று. கொக்கியைக் கழற்றினேன். நூலைப் பிடித்து இழுத்தேன். என்னுடையதாக இருந்தால் அவிழ்ந்திருக்காது, கத்திரிக்கோல்தான் வேண்டும். அவளுடையது இளகின கைப் பின்னல், கேட்டதும் வந்தது. ஒரு பட்டையோடு நிறுத்துவோம் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. கடைசி வரி போகும்வரை இழுத்தேன்.

சாப்பிட்டு வந்த கவிதா பையைத் திறந்தாள். சுருள் சுருளாக நெளிந்த நூற்குவியலை மடியில் வைத்துக்கொண்டு நுனியைத் தேடினாள். ஜசிந்தாதான், "ஐயோ, என்னடி நடந்தது?" என்று பதறினாள். கவிதா, "கொக்கியை ஒழுங்காக் கொழுவாம வைச்சிட்டன் போல" என்றாள். நானும், "அப்பிடித்தான் இருக்கும், உன்ர பின்னல் இளக்கமெல்லே" என்றேன். பிறகு ஓடிப்போய் அவளுக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தேன். அவள் இரண்டு கையையும் நீட்டி நூலைத் தாங்க, நான் உருண்டையாகச் சுற்றிக் கொடுத்தேன். அவ்வளவு நேரமும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்தேன். "நல்லகாலம் நீங்கள் நிண்டனீங்கள் அக்கா" என்றாள்.

என்னுடையதை நான் வெட்டி எறிந்துவிட்டுப் புது நூலில் மறுபடி பின்னினேன். மூக்கைத் தாண்டியது. வெளிக்கிட்ட அன்று ஜசிந்தா அந்த நீல வெள்ளை மப்ளரைப் போட்டுக்கொண்டு வான் வண்டியில் ஏறினாள். கொளுத்துகிற வெயில், கழுத்தெல்லாம் வேர்வை ஊற்றுகிறது, ஒழுங்கை முழுக்கச் சிரிக்கிறது. நான் கவிதாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கையசைத்துக்கொண்டு நின்றாள். வென்றுவிட்டேன் என்று அன்று இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.

அடுத்த மாதமே கவிதா நிலையத்துக்கு வருவதை விட்டுவிட்டாள். வயலில் வேலை என்றாள். சிஸ்டர் மாற்றலாகிப் போகும்போது பழக்குகிற பொறுப்பை என்னிடம் தந்தா. இன்றுவரை நான்தான் பழக்குகிறேன். கவிதா கலியாணம் கட்டி நறுவிலிக்குளத்திலேயே இருக்கிறாள். எங்கள் கோயில் திருநாளுக்கு வருவாள், பொங்கலுக்கு அரிசி கொண்டுவந்து தருவாள். அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவாள்.

படத்தைப் பார்த்த கையோடு கவிதாவுக்குப் போன் எடுத்தேன். சுகம் விசாரிக்கவில்லை.

"ஜசிந்தாவின்ர மகளின்ர கழுத்தில கிடக்கிறது நீ பின்னினதே?"

"ஓம் அக்கா. நானும் படம் பாத்தனான்."

"எப்பயடி பின்னினனீ?"

"அந்த நாலு நாளும்தான். வீட்டை இருந்து பின்னி, அவவின்ர அம்மாட்டைக் குடுத்துப் பெட்டிக்குள்ள வைக்கச் சொன்னனான்."

"எனக்கு ஏன் ஒளிச்சனீ?"

அந்தப் பக்கம் மாடு ஒன்று கத்தியது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இன்னொருக்கா அவிழ்க்க வேண்டி வந்திடும் எண்டுதான் அக்கா. நூல் சுத்த நீங்கள் வந்து இருக்கேக்கையே உங்கட கையில சிவப்புப் பஞ்சு ஒட்டியிருந்தது."

"தெரிஞ்சுகொண்டே இவ்வளவு காலமும் அக்கா எண்டனீ?" என்று கேட்டேன்.

"பின்ன என்னெண்டு கூப்பிடுறது?" என்றாள்.

நிலையத்துக்கு வராமல் விட்டதும் அதனாலா என்று கேட்டேன். "நான் இருந்தா நீங்கள் ஊசியைப் பாக்கிறதை விட்டிட்டு என்னைத்தான் பாத்துக்கொண்டிருப்பீங்கள். எனக்கு வயல் இருந்தது. உங்களுக்கு அதுதானே இருந்தது" என்றாள். இப்போதாவது வாவன், பிள்ளைகளுக்கு அந்த முத்துப் பின்னலைச் சொல்லிக் குடு என்றேன். சிரித்தாள். "களை பிடுங்கின கை அக்கா. சங்கிலிப் பின்னல் போடவும் மறந்துபோச்சு."

ஜசிந்தா போனது போனதுதான். வருடத்தில் ஒரு படம், ஒரு நத்தார் வாழ்த்து. யாரை இழந்துவிடுவேனோ என்று பயந்தேனோ அவள் எப்படியும் போயிருப்பாள். அந்த மப்ளரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான், பொய் சொல்லமாட்டேன். அந்த மனசும் கவிதாவுக்குத்தான் வாய்த்ததா என்று அதற்கும் சேர்த்து எரிகிறது.

திங்கட்கிழமை நிலையத்தைத் திறந்தேன். பதினொரு பிள்ளைகள் கொக்கி ஊசியோடு இருந்தார்கள். ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டு போனேன், ஒருத்தியின் கையையாவது பார்த்துப் பொறாமைப்பட முடியுமா என்று. இப்போது அந்த அறையில் என்னைவிட நன்றாகப் பின்னுகிறவர் எவரும் இல்லை.