முன்னால் தள்ளும் விசை

தேங்காய் எண்ணெயும் பழைய இரும்பும் கலந்த வாசனையில்தான் என் மே மாதங்கள் விடியும். தொண்ணூறுகளில் செங்கல்பட்டிலிருந்து விடுமுறைக்குப் போகும்போதெல்லாம், மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்பை ஒட்டியிருந்த அத்தை வீட்டில், மாமாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி தொங்கிய சுவரோரம்தான் எனக்குப் பாய் விரிப்பார்கள். 'மல்லாட்டை' என்று அங்கே சொல்லும் நிலக்கடலைக் கொல்லையில் இறங்கும் காட்டுப்பன்றிகளை விரட்டுவதற்காக, தன் நாட்டுக்கே திரும்பிப் போன அமெரிக்க டாக்டர் ஒருவரிடம் மாமா வாங்கியது அது. இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த குழல்களில் அலையலையாக வரிகள் ஓடும். ஜன்னல் வெயில் பட்டால் அவை நகர்வதுபோல் தோன்ற, கடல் சத்தமும் சேர்ந்துகொள்ள, பார்த்தபடியே மறுபடி தூங்கிப்போவேன்.

மாமா மாரடைப்பில் இறந்தபின் லைசென்ஸ் அத்தை பெயருக்கு மாறியது. தினமும் எண்ணெய்த் துணியால் துடைப்பாள். திறக்க மட்டும் மாட்டாள். "அவுரு மூடினது, அப்டியே இருக்கட்டும்" என்பாள்.

ஒரு கோடையில், தேர்தலுக்காகத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். அத்தையோடு நானும் போனேன். ஏட்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்ற துப்பாக்கிகளில் திறப்பதற்கு மேலே ஒரு நெம்புகோல் இருக்கும், இதில் இல்லை.

"இன்னாம்மா இது? உள்ள தோட்டா கீதா இல்லியான்னு எப்டி பாக்கறது? அறுத்துட வேண்டிதுதான்."

அத்தை பதறிப்போய் அதை வாங்கிக்கொண்டாள். "ரெண்டு விசைல முன்னாடி இருக்கிறத இழுக்கக் கூடாது சார், முன்னால தள்ளணும். அவுரு ஒரு தபா காமிச்சாரு."

அமெரிக்காவிலேயே கொஞ்ச காலம்தான் அப்படித் திறக்கும் துப்பாக்கிகளைச் செய்தார்களாம், பின்னாளில் படித்தேன்.

வாசலில் இருந்த மணல் குவியலை நோக்கிக் குழலைத் தாழ்த்தினாள். ஏட்டு என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். அத்தை விசையைத் தள்ள, துப்பாக்கி நடுவில் மடிந்தது. இரண்டு குழலிலும் தோட்டா. மாரடைப்பு வந்த அன்று சாயங்காலம், கொல்லைக்குப் புறப்படும்போது மாமா போட்டவை.

அத்தை நகத்தால் அவற்றை நெம்பி எடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "கொயந்தைய இதுங்கீழ தூங்க வெச்சிகினு இருந்தேனே!" என்று மணலிலேயே உட்கார்ந்து அழுதாள். மாமாவின் சாவுக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

"தேர்தல் முடிஞ்சாலும் வேணா சார். எடுத்துக்குங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

தோப்பு இருந்த இடத்தில் இப்போது ஓட்டல். கொல்லையில் கார்கள் நிற்கின்றன. துப்பாக்கியை உருக்கிவிட்டார்களோ என்னவோ. அதற்காக வருத்தம் உண்டா என்று, இப்போது பொத்தேரியில் என்னோடிருக்கும் அத்தையிடம் போன வாரம் கேட்டேன்.

"இல்ல கண்ணு. அதத் தொறந்தப்பதான் அவுரு போய்ட்டாருன்னே எனக்கு வெளங்கிச்சி" என்றாள்.