மூடி கழற்றிய மெஷின்

இளவரசனை உட்கார வைத்துப் பேசியவர் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. டீ குடித்தாலும் நின்றபடிதான், அதிலும் ஒரு காலைத் தரையில் தட்டிக்கொண்டேதான். முசரவாக்கத்தில் நெல் போடும் குடும்பத்தில் பிறந்தவன். நாற்று நட்டுவிட்டு அறுப்பு வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல் தச்சு வேலைக்கு வந்ததாக அவனே சொல்லிச் சிரிப்பான். சின்ன காஞ்சிபுரத்தில் என் வீட்டுக்கு நேர் எதிரே தகர ஷெட் போட்டிருக்கிறான். நான் தறிக்குழியில் காலை இறக்கினால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். அதற்குள் அவன் ஷெட்டுக்கும் தெருமுனைக்குமாக நடந்து தீர்த்திருப்பான். பார்க்கிற எனக்குத்தான் கால் வலிக்கும்.

கல்யாணம் ஆன புதிதில் புது மெஷின் என்றால் அவனுக்கு உயிர். பளபளவென்று பெயின்ட் அடித்து, அட்டைப் பெட்டியில் வரும் ரம்பம் ஒன்றை வாங்கி வந்து தெருவையே கூட்டிக் காட்டினான். வட்ட பிளேடுக்கு மேலே கையைக் காக்க மஞ்சள் நிறத்தில் ஒரு மூடி இருந்தது. ஒரு வாரம்கூட அது தாங்கவில்லை. மூடி இருந்தால் மரம் தள்ள நேரமாகிறது என்று கழற்றி ஜன்னலில் கவிழ்த்து வைத்து, அதில் ஆணி போட்டு வைத்துக்கொண்டான். அந்த மெஷினும் உறுதியாக நிற்கவில்லை. மெல்லிய தகட்டால் செய்த மேடை, கனமான வேப்பம் பலகையை ஏற்றியதும் ஒரு பக்கம் இறங்கிவிட்டது; கட்டையை முட்டுக் கொடுத்துத்தான் ஓட்டினான். அன்றிலிருந்து புது மெஷின் என்று யாராவது பேச்செடுத்தால் எரிந்து விழுவான்.

"புது இரும்பு இன்னும் அடங்கல வேணுண்ணா. வெயிலுக்கு ஒரு மாதிரி, மழைக்கு ஒரு மாதிரி ஆடிக்கினே இருக்கும். பழசுன்னா ஆட வேண்டியதெல்லாம் ஆடி முடிச்சிட்டு உக்காந்திருக்கும்" என்பான். உட்காரத் தெரியாதவன் சொல்கிற நியாயம் இது.

பிறகு பழசு பழசாக வந்து இறங்க ஆரம்பித்தது. சூடானால் மட்டுமே சுற்றும் ஒரு டிரில் மெஷின் வந்தது. இரண்டு பேர் பிடித்துக்கொண்டால்தான் நடக்காமல் நிற்கும் ஒரு கடைசல் மெஷின் வந்தது. வாங்குவான், இரண்டு நாள் கொஞ்சுவான், மூன்றாம் நாள் விற்க ஆள் தேடுவான். இந்தக் கூத்தில் எனக்குச் செய்து தர வேண்டிய தறிப் பலகை மூலையில் கிடந்தது. கேட்டால் நல்ல பிளேனர் வந்ததும் முதல் வேலை உங்களுடையதுதான் என்பான். மரத்தை இழைத்துச் சமமாக்கும் அந்த மெஷினுக்காகவே அவன் நாய் படாத பாடு பட்டான்.

அப்போதுதான் ஏனாத்தூர் தர்மன் தன் பிளேனரை விற்கப் போவதாகச் செய்தி வந்தது. தர்மனும் தச்சன்தான். அந்த மெஷினில் வலக்கையின் இரண்டு விரல்களைக் கொடுத்தவன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின் திடீரென்று எகிறிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொன்னான். வேலையை விட்டுவிட்டு இப்போது காலேஜ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். ரத்தம் பார்த்த மெஷின் என்று சொல்லி ஒருவரும் அதைத் தொடவில்லை.

அமாவாசையன்று நாங்கள் தறியில் உட்காருவதில்லை. அந்த நாளாகப் பார்த்து இளவரசன் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏனாத்தூர் போனான். மெஷினை ஓட விட்டு, அதன் இரும்பு மேடையில் ஒரு ரூபாய் நாணயத்தை விளிம்பில் நிறுத்தினான். நாணயம் அசையவே இல்லை. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெற்ற பிள்ளையைத் தொட்டிலில் பார்ப்பவன் போல நின்றான்.

"இப்பேர்ப்பட்ட மெஷின் எகிறுமாண்ணா?" என்று என் காதில் கேட்டான். எனக்கும் அதே சந்தேகம்தான். தர்மன் சுவிட்சை அணைத்தான். பிளேடு இருக்கும் இடம் மூடியில்லாமல் திறந்தே கிடந்தது. பழைய மெஷின் எதில்தான் மூடி இருக்கிறது என்று நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அன்று சாயங்காலமே இளவரசனின் மனைவி தீபிகா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை அவளுக்கு. நாளெல்லாம் நின்றுவிட்டு வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"நீங்களும் கூடப் போனீங்களாமே, இன்னாண்ணா இது? பழசு, புதுசுன்னு எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு அவரோட பத்து விரலும் வேணும். மெஷின் சத்தம் நின்னா, ஏன் நின்னுச்சோன்னு நெஞ்சு அடிச்சிக்குது. எனக்குப் பயமா இருக்குதுண்ணா" என்று அழுதாள்.

நான் எடுத்துச் சொன்னேன். அவன் கேட்டால்தானே! வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

மெஷின் வந்த காலையில் தெருவில் எங்கள் பாவு விரித்திருந்தோம். சேலைக்கான நீள இழைகளை வெயில் ஏறுவதற்குள் தெரு நெடுக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, தூரிகையால் நீவி உலர்த்த வேண்டும். பாவு தெருவில் இருக்கும்வரை வண்டி நுழையாது. யாரும் கேட்கவும் மாட்டார்கள். கல்யாண ஊர்வலமே வந்தாலும் முனையில் நின்றுவிட்டுத்தான் வரும். குட்டியானை வண்டியும் மெஷினோடு முனையில் நின்றது. தர்மனும் வண்டியில் வந்திருந்தான். மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றானாம்.

இளவரசனால் நிற்க முடியுமா? எங்கள் வீட்டுப் பக்கத்து ஓரமாகவே நடந்து வந்தான். எதிரே அவன் ஷெட். பாவின் கடைசி வரை போய்ச் சுற்றிக்கொண்டு வந்தால் வேலை முடிந்தது.

"ஷெட்டைத் தொறந்து எடம் பண்ணிடறேண்ணா. குனிஞ்சி அப்பால போயிடறேன்" என்றான்.

"இளவரசா, வாணாம்பா!" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பாவுக்கு அடியில் புகுந்துவிட்டான். காதில் செருகியிருந்த பென்சில் இழைகளில் மாட்டியது. மாட்டியதும் சும்மா இருந்தானா? வெடுக்கென்று தலையை இழுத்தான். ஒரு கைப்பிடி இழை அறுந்து சுருண்டது.

"நில்லுடா! அசையாதே!" என்று கத்தினேன். இன்னும் இரண்டு வார்த்தையும் சொன்னேன், அவற்றை எழுத முடியாது.

குனிந்தபடியே நின்றான். கழுத்தைத் திருப்பினால் இன்னும் அறுந்துவிடும். நானும் என் மனைவி அலமுவும் பென்சிலில் சுற்றியிருந்த இழைகளை ஒவ்வொன்றாக விடுவித்து, அறுந்ததன் இரண்டு முனைகளையும் தேடி முறுக்கி இணைக்க ஆரம்பித்தோம். தெருவே கூடிவிட்டது. இளவரசன் அசையாமல் நிற்கிறான் என்றால் வேடிக்கை பார்க்க மாட்டார்களா? வேலைக்குக் கிளம்பிய தீபிகாவும் வந்து நின்றாள். தர்மன் முனையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தவன், பக்கத்தில் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"தர்மண்ணா, அந்த மெஷினுக்கு மூடி எங்க?" என்று தீபிகா கேட்டாள்.

தர்மன் முனையில் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "எங்க வூட்டுப் பரண்ல இருக்குதுமா. வாங்கின மொத வாரமே நான்தான் கழட்டிப் போட்டேன்" என்றான்.

பாவுக்கு அடியிலிருந்து இளவரசன், "ஏண்ணா, மெஷின் எகிறிச்சுன்னு சொன்னியே?" என்றான்.

"எகிறலபா. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கடைசிப் பலகைய வெறும் கையால தள்ளினேன். அவசரத்துல போச்சுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. மெஷின் மேல போட்டுட்டேன்." தன் கையைப் பார்த்துக்கொண்டான். "உன்னைய நில்லுன்னு கத்த வேணு இருந்தாரு. எனக்கு அன்னிக்கு யாரும் கத்தலபா."

தீபிகா முகத்தை மூடிக்கொண்டாள். என் கையிலிருந்து முறுக்கிய இழை ஒன்று நழுவியது. இளவரசன் மட்டும் அசையவில்லை. குனிந்த அவன் மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வியர்வை என்று பிற்பாடு சொன்னான்.

விடுவித்ததும் அவன் பாவின் கடைசி வரை நடந்து, சுற்றிக்கொண்டு ஷெட்டுக்குப் போனான். ஆணிகளைத் தரையில் கொட்டுகிற சத்தம் கேட்டது. பழைய ரம்பத்தில் அந்த மஞ்சள் மூடியை மாட்டிவிட்டுத்தான் வெளியே வந்தான். தர்மன் அதே வண்டியில் ஏனாத்தூர் திரும்பிப் போய்ப் பரணிலிருந்த மூடியை எடுத்துவந்தான். அதுவரை பிளேனரை இறக்கக் கூடாது என்று தீபிகா கடைக்கு லீவு சொல்லிவிட்டு வண்டிப் பக்கத்திலேயே நின்றாள்.

அவள் போட்ட நிபந்தனை இன்னொன்றும் உண்டு. சுவிட்சைப் போடும் முன் அவன் ஒவ்வொரு தடவையும் ஷெட் வாசலில் நின்று, "வேணுண்ணா, மூடி மாட்டிட்டேன்!" என்று சத்தம் போட வேண்டும். நான் தறியிலிருந்து "சரிப்பா!" என்ற பிறகுதான் மெஷின் ஓட வேண்டும். முதலில் தெரு சிரித்தது. இப்போது யாரும் கவனிப்பதில்லை. அவன் கால் தட்டுவதை மட்டும் விடவில்லை. என் தறிப் பலகை வந்துவிட்டது. கையால் தடவினால் கண்ணாடிதான்.

நேற்று அந்தக் குரல் வராமல் மெஷின் சத்தம் மட்டும் வந்தது. தறியை மிதித்துக்கொண்டிருந்த என் கால் நின்றுவிட்டது. சத்தமும் சட்டென்று நின்றது. குழியிலிருந்து எப்படி எழுந்தேன் என்றே தெரியவில்லை, செருப்பில்லாமல் தெருவைத் தாண்டி ஓடினேன்.

பிளேனர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். மெஷினில் மூடி இருந்தது. என்னைப் பார்த்ததும் தொண்டையைத் தொட்டுக் காட்டி, குரலே வரவில்லை என்று கையை ஆட்டினான். வாயில் வந்தபடி திட்டினேன். அவன் இரண்டு கையையும் விரித்து என் முன்னால் நீட்டினான்.

எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தறிக்குத் திரும்பினேன்.