எதிர் கேலரியிலிருந்து ஒரு குரல்

எங்கள் குப்பத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைத்தான் சொல்லச் சொல்வார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு தரம் அந்தப் பெயர் அவர்கள் வாயில் வரலாம். கடலுக்குப் போனவர் உடம்பாகக்கூடத் திரும்பாமல் போனால், கருமாதிக்கு முன்னால் ஊரே கரையில் பேச்சுமூச்சில்லாமல் எழுந்து நிற்கும். மனைவி கடலைப் பார்த்து மூன்று முறை கூப்பிட வேண்டும். பக்கத்தில் ஒரு சிறுபிள்ளையை நிறுத்துவார்கள். பதில் வந்தால் பிள்ளைக் காதுக்குத்தான் கேட்குமாம். வந்ததாக யாரும் சொன்னதில்லை. அப்புறம் தாலியை இறக்குவார்கள்.

என் அத்தை கூப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மாமாவின் படகு மட்டும் முகத்துவாரத்துப் பக்கம் ஒதுங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அத்தை பூவும் பொட்டுமாகவே இருந்தாள். ஊர் பேசியது. தங்கையிடம் கெஞ்சிப் பார்த்து, திட்டிப் பார்த்து, அப்பாவும் ஓய்ந்துபோனார்.

அந்த மழைக்காலத்தில், அப்பா வேலைக்குப் போகும் உப்பளம் மூடிக் கிடந்தபோதுதான் சென்னையில் இந்தியாவுக்கும் ஏதோ ஒரு வெளிநாட்டுக்கும் கால்பந்து ஆட்டம் வந்தது. எங்கள் ஊர் டீமுக்குப் பாஸ் கிடைத்து வேன் பிடித்தார்கள். மாமாதான் அந்த டீமின் கோல்கீப்பர். அவருடைய இடத்தில் அண்ணி வரட்டும் என்று பையன்கள் பிடிவாதமாக நின்றார்கள். அத்தைக்குத் துணையாக அப்பாவும், அப்பாவுக்கு வால்போல நானும் போனோம்.

ஸ்டேடியத்தில் பொழுது இறங்குவதற்குள்ளேயே விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். உச்சிவெயிலில் உப்புப் பாத்தி கண்ணைக் கூசுமே, அப்படி ஒரு வெளிச்சம். ஆனால் உப்பளத்தில் ஆளுக்கு ஒரு நிழல்தான். இங்கே ஒவ்வொரு ஆட்டக்காரன் காலடியிலிருந்தும் நாலு நிழல் கிளம்பி நாலு திசையில் படுத்திருந்தது. எதிர் கேலரியில் ஒருவருக்கும் முகம் தெரியவில்லை. அந்தக் கூட்டம் மொத்தமாக அசைந்தது. இரைச்சல் ஏறி, வடிந்து, மறுபடி ஏறியது. அத்தை ஆட்டக்காரர்களைப் பார்க்கவே இல்லை. அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒலிபெருக்கியில் இங்கிலீஷில் என்னவோ சொன்னார்கள். பெரிய திரையில் எழுத்து வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான் என்பதால் அப்பா என்னைப் படிக்கச் சொன்னார். எஸ், ஐ, எல் என்று நான் கூட்டி முடிப்பதற்குள் மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்றது. இரைச்சல் அறுந்து விழுந்ததுபோல் நின்றது. யாரோ ஒரு பழைய ஆட்டக்காரர் இறந்ததற்கு மௌன அஞ்சலி என்று பின்னால்தான் தெரிந்தது.

“இங்கயும் நிக்கறாங்க,” என்றாள் அத்தை மெதுவாக. என்னைத் தன் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டாள். எதிர் கேலரியைப் பார்த்து மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அந்தப் பெயரை அவள் குரலில் நான் அதுவரை கேட்டதே இல்லை. முன் வரிசைக்காரர்கள் திரும்பி முறைத்தார்கள். அப்பா ஒரு கையால் அவள் தோளை அழுத்திக்கொண்டே, மறு கையைக் காட்டி அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பையன்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்கள். இரண்டாம் முறை. மூன்றாம் முறை.

எதிர்ப்பக்கத்திலிருந்து, மெலிசாக, “தோ வர்றேன்” என்று கேட்டது.

உடனே விசில் ஊதினார்கள். ஸ்டேடியம் முழுக்க மறுபடி இரைச்சலில் மூழ்கிவிட்டது.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கூப்ட்டுட்ட இல்ல. பதில் ஒண்ணும் வரல. போதும்மா. ஊருக்குப் போய் ஆவறதப் பாப்போம்,” என்றார்.

அத்தை என் பக்கம் குனிந்தாள்.

“உனக்கு ஏதாவது கேட்டுச்சாடா?”

“கேட்டுச்சு அத்தை. தோ வர்றேன்னு மாமா சொன்னாரு.”

ஊருக்குப் பத்துப் பேர் வைத்திருக்கிற பெயர் அது. எவனோ ஒருவன் விளையாட்டுக்குக் குரல் கொடுத்திருக்கலாம். ஆனால் ‘தோ’ என்று இழுத்த அந்த இழுப்பு மாமாவுடையது. இன்றைக்குக் கேட்டாலும் அது மாமா குரல் என்றுதான் சொல்வேன்.

பதில் வந்துவிட்டால் தாலியை இறக்கக் கூடாது. இரண்டாம் தரம் கூப்பிடவும் முறையில்லை. அத்தைக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அதற்குப் பிறகு அவளுக்கு வேறு வாழ்க்கை அமையவில்லை. இப்போதும் படகுகள் கரையேறும் நேரத்தில் மணலில் வந்து நிற்கிறாள். கடைசிப் படகு வந்த பிறகும் நிற்கிறாள்.

மாமா குரல் கொடுத்ததைவிட நல்ல சேதி அவளுக்கு இருக்க முடியாது என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன். கூப்பிட்டு, பதில் வராமல் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள அவள் ஒரு வருஷமாகத் தைரியம் சேர்த்திருக்கிறாள், ஊர் முழுக்கப் பார்க்காத அந்தக் கூட்டத்தில்தான் அது வந்தது என்பது எனக்கெப்படித் தெரியும்? நான் சொன்னதும் அவள் விரல்கள் என் மணிக்கட்டை வலிக்க வலிக்க இறுக்கின. நம்பவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, இரைச்சலுக்கு மேல் கேட்கட்டுமென்று, அவள் காதருகே வாயை வைத்துக் கத்தினேன்: “நெஜமா அத்தை. நல்லா கேட்டுச்சு.”